கணக்கு நம் கையிலும் இருக்கட்டும்

கண்காணிப்பு என்ற சொல்லை நம் மக்களுக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கங்காணி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். காலையில் பிரட்டுக் களத்தில் பேர் எடுப்பதிலிருந்து மாலையில் கொழுந்து நிறுப்பது வரை நம் நாள் முழுவதும் அளவில்தான் போகிறது. எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு, முழுப்பேரா, அரைப்பேரா என்று யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்ததற்காகவே எத்தனையோ மலைகளில் வாய்த் தகராறு நடந்திருக்கிறது. அளப்பவர் ஒருவராகவும் அளக்கப்படுபவர் இன்னொருவராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இப்போது தோட்டத்துக்குள் இன்னொரு விதமான கணக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குடிநீர்த் திட்டம், கழிவறைத் திட்டம், பிள்ளை மடுவம் திருத்தும் திட்டம், பெண்களுக்குத் தையல் பயிற்சி, இளைஞர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி, போசாக்குத் திட்டம், சிறுசேமிப்புக் குழு என்று பல வருகின்றன. அரசாங்கத்தினுடையவை சில, அரசசார்பற்ற நிறுவனங்களுடையவை சில, வெளிநாட்டு உதவியில் நடப்பவை சில. ஒவ்வொன்றுடனும் ஒரு படிவம் வருகிறது. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு வருமானம், எத்தனை நாள் இறைச்சி சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். நாமும் சொல்கிறோம். பதாகை பிடித்துப் படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பதில்களெல்லாம் கொழும்புக்குப் போய் ஆங்கிலத்தில் அறிக்கையாகின்றன. அந்த அறிக்கை திரும்ப லயத்துக்கு வந்து, "உங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறோம், சரியா?" என்று கேட்டதை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

இந்த வேலைக்குக் 'கண்காணிப்பும் மதிப்பீடும்' என்று பெயர். இது ஒரு தொழில். படித்துப் பழகினால் யாருக்கும் வரக்கூடிய ஒரு திறமை. நம் பிள்ளைகளும், தோட்டத் தலைவர்களும், மாதர் தலைவிகளும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த மாதம் நாம் சொல்ல வந்தது.

கட்டியதும் பயன்பட்டதும்

கண்காணிப்பு என்பது வேலை நடக்கும்போதே பார்த்துக்கொண்டு போவது. சொன்ன நாளில் சீமெந்து வந்ததா, சொன்ன அளவில் குழாய் போட்டார்களா, பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் சாமான் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. மதிப்பீடு என்பது சற்றுத் தள்ளி நின்று, இதனால் யாருக்கு என்ன மாறியது, இதைச் செய்தது சரிதானா என்று கேட்பது. முன்னது தினமும் நடக்க வேண்டியது. பின்னது திட்டத்தின் நடுவிலும் முடிவிலும், முடிந்தால் ஒன்றிரண்டு வருடம் கழித்தும் நடக்க வேண்டியது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு தோட்டத்துக்கு 60 கழிவறை கட்டித் தருவதாகத் திட்டம். 60ம் கட்டியாகிவிட்டது. அறிக்கையில் 'நூற்றுக்கு நூறு வீதம் நிறைவு' என்று எழுதலாம். அது பொய்யல்ல. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த 60இல் எத்தனை பாவனையில் இருக்கிறது? பெப்ரவரி, மார்ச் வரட்சியில் தண்ணீர் வருகிறதா? குழி நிறைந்தால் அள்ளுவது யார், அதற்குக் காசு எங்கே? மூட்டு வலியுள்ள ஆயா அந்தப் படியில் ஏறி இறங்க முடிகிறதா? ராத்திரியில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் போய்வர வெளிச்சம் இருக்கிறதா? டிஸ்பென்சரிப் புத்தகத்தில் வயிற்றோட்டத்துக்கு மருந்து வாங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா?

இந்தத் தொழிலில் கட்டி முடித்த 60ஐ 'வெளியீடு' என்பார்கள். மக்கள் அதைப் பாவிப்பது 'விளைவு'. நோய் குறைந்து, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவது 'தாக்கம்'. அறிக்கைகளில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே கொட்டை எழுத்தில் இருக்கும். எண்ணுவதற்கு அதுதான் சுலபம். நமக்குத் தேவையோ மற்ற இரண்டும்.

சம்பளத்திலும் இதே கணக்குத்தான். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பல வருடப் போராட்டத்தின் பலன் அது. ஆனால் வர்த்தமானியில் வந்த எண் ஒன்று, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் வருவது இன்னொன்று. எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை கிலோ கேட்டார்கள், எத்தனை நாள் அரைப்பேர் போட்டார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டுக்கு என்ன வந்தது என்று தெரியும். நாள் சம்பளம் உயர்ந்தும் மாத வருமானம் உயராத வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். அதை 'தெரியும்' என்று சொல்வதோடு நிற்காமல், சம்பளச் சீட்டுகளை வரிசையாக வைத்து எழுதிக் காட்டினால் பேச்சுவார்த்தை மேசையில் நம் குரலுக்குக் கனம் கூடும்.

அளவுகோல் மாறினால் ஏழையும் மாறுவான்

எண்களைக் கேள்வி கேட்கப் பழகுவது ஏன் அவசியம் என்பதற்கு அரசாங்கப் புள்ளிவிபரமே சாட்சி. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் எடுத்த குடும்ப வருமான, செலவு ஆய்வின்படி தோட்டத்துறையில் வறியவர்கள் 8.8 வீதம். அதே திணைக்களம் 2019இல் எடுத்த ஆய்வின்படி 33.8 வீதம். மூன்றே வருடத்தில் தோட்டத்தில் மூன்றில் ஒருவர் ஏழையாகிவிட்டாரா? இல்லை. வறுமைக் கோடு என்று வைத்திருந்த பழைய அளவைத் திணைக்களம் புதுப்பித்தது. கோடு மேலே போனதும், நேற்றுவரை 'வறியவர் அல்ல' என்று எழுதப்பட்டிருந்த வீடுகள் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டன. அந்த வீடுகளில் சோறு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பழைய எண்ணை நம்பி 'தோட்டங்களில் வறுமை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது' என்று மேடையில் பேசியவர்களுக்கு, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

சராசரியும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம் அளவில். தோட்டத்துறையில் மட்டும் பார்த்தால் 31 வீதத்துக்கு மேல். தோட்டத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டாமல் விட்டிருந்தால் நம் பிள்ளைகள் அந்த 17க்குள் மறைந்து போயிருப்பார்கள். அதுபோலவே தோட்டம் என்று ஒரே எண்ணாகப் போட்டால் மேட்டு லயத்தின் நிலைமையில் பணிய லயம் மறைந்துபோகும். குடும்பம் என்று போட்டால் ஆணின் கணக்கில் பெண் மறைந்துபோவாள். ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் பிரித்துக் கேட்க வேண்டும்: ஆண் எத்தனை, பெண் எத்தனை? தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் எத்தனை, பதியாமல் லயத்தில் இருப்பவர்கள் எத்தனை? ஓய்வு பெற்றவர்கள் எத்தனை?

யாரிடம் கேட்டார்கள் என்பதும் முக்கியம். காலை பத்து மணிக்கு வாகனத்தில் வந்து, ரோட்டோரத்து லயத்தில் நான்கு வீட்டில் கேட்டுவிட்டு மழைக்கு முன் திரும்பிப் போனால் யார் அகப்படுவார்கள்? அந்த நேரம் பெண்கள் மலையில். இளைஞர்கள் கொழும்பில். வீட்டில் இருப்பது முதியவரும் சின்னப் பிள்ளைகளும். பணிய லயத்துக்கு யாரும் இறங்குவதே இல்லை. கிராமங்களைப் பார்க்கப் போகிறவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்காததால் கடைக்கோடி ஏழைகள் கண்ணில் படுவதில்லை என்று இங்கிலாந்து அறிஞர் ரொபர்ட் சேம்பர்ஸ் 1983லேயே புத்தகம் எழுதினார். நாற்பது வருடம் கடந்தும் அது நம் தோட்டத்துக்குப் பொருந்துகிறது.

பட்டியல் இல்லாததன் விலை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் நாட்களில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று அதற்குப் பல வருடம் முன்பே அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். எழுதியதற்கு என்ன நடந்தது, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும் என்று வருடா வருடம் பார்த்துக் கேட்பதற்குத்தான் ஆளில்லாமல் போனது. பரிந்துரை கடதாசியில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். கண்காணிப்பு என்பது அலுவலக வேலை என்று நினைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். எது எப்போது செய்யப்பட வேண்டும், செய்யப்பட்டதா என்று தொடர்ந்து கேட்கும் ஒரு கொப்பி சில இடங்களில் உயிரைக் காப்பாற்றக்கூடியது.

ராஜஸ்தானில் வாசித்த செக் ரோல்

எழுத்தறிவு குறைந்த கூலி மக்களால் இதெல்லாம் முடியுமா என்று சிலர் கேட்கலாம். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் முடிந்திருக்கிறது. அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1990இல் தொடங்கியது. அரசாங்க நிவாரண வேலைகளில் கூலி சரியாகக் கிடைக்காத மக்கள், வேலைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். நம்முடைய செக் ரோல் போன்றதுதான் அது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மக்களைக் கூட்டி அந்தக் கணக்குகளை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரிலும் இல்லாத வேலைக்கும் காசு எழுதியிருந்தது வெளியே வந்தது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் தங்கள் ஊரில் யார் வேலை செய்தார், எந்தச் சுவர் கட்டப்பட்டது என்பது தெரியும் அல்லவா? அவர்கள்தான் சாட்சி. 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டங்கள் இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தவற்றுள் முக்கியமானவை. அதே வருடம் வந்த கிராமிய வேலை உறுதிச் சட்டத்தில் மக்களே கணக்குப் பார்க்கும் சமூகத் தணிக்கை ஒரு பிரிவாகவே எழுதப்பட்டது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம், பிரதேச சபை, அமைச்சு, திணைக்களம் எதிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். இந்தத் தோட்டப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், ஒப்பந்தம் யாருக்கு, வேலை முடிந்ததாகக் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கக்கூடாது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தில் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசாங்கத்திடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை சம்பந்தமான தகவல்களுக்கு, இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கானது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003 வரை அதைத் துண்டு துண்டாகத் திரும்பப் பெற்ற மக்கள் நாம். பிரஜை என்பதால் கிடைத்த ஒரு உரிமையைப் பாவிக்காமல் பெட்டியில் பூட்டி வைப்பது நம் தாத்தா பாட்டிகளுக்குச் செய்யும் மரியாதையாகாது. 2018இல் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் சபை செலவு செய்வதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. சபையின் காசு தோட்டத்துக்குள் வரலாம் என்றால், அந்தக் காசின் கணக்கும் தோட்டத்துக்கு வர வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒருவராவது மலையில் வேலை செய்யும் பெண்ணாக இருக்கட்டும். ஒருவர் உயர்தரம் படித்த பிள்ளையாக இருக்கட்டும். ஒருவர் பணிய லயத்தில் இருப்பவராக இருக்கட்டும். ஒரு நல்ல கொப்பி வாங்குங்கள். தோட்டத்துக்கு எந்தத் திட்டம் வந்தாலும் முதல் நாளே இவற்றைக் கேட்டு எழுதுங்கள்:

1. காசு யாருடையது, மொத்தம் எவ்வளவு, அதில் இந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு?
2. யாருக்குச் செய்யப் போகிறீர்கள், அந்தப் பட்டியலை யார், எப்படித் தயாரித்தார்கள்?
3. எப்போது தொடங்கி எப்போது முடியும்? முடிந்த பிறகு பராமரிப்பது யார்?
4. இதனால் என்ன மாற வேண்டும், மாறியது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?
5. அறிக்கையின் தமிழ்ப் பிரதி நமக்கு எப்போது கிடைக்கும்?

நாலாவது கேள்விதான் இந்தத் தொழிலின் உயிர். மாறியது என்று காட்டுவதற்கு வைத்துக்கொள்ளும் அடையாளத்தைக் 'குறிகாட்டி' என்பார்கள். அதைத் தீர்மானிக்கும்போது நாமும் கூட இருக்க வேண்டும். தண்ணீர்த் திட்டத்துக்கு 'எத்தனை மீற்றர் குழாய்' என்று அவர்கள் எழுதினால், 'தண்ணீர் எடுக்க ஒரு பெண் செலவழிக்கும் நேரம்' என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பீலிக்கரையில் குடத்துடன் நிற்கிறவளுக்குத்தான் எதை அளக்க வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது, வேலை தொடங்குவதற்கு முன் உள்ள நிலையை எழுதி வையுங்கள். இதை 'அடிப்படைத் தரவு' என்பார்கள். முன்பு இருந்தது தெரியாவிட்டால் பின்பு மாறியதைச் சொல்ல முடியாது. பத்து வீட்டில் தண்ணீர் எடுக்கும் நேரத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து ஒரு வாரம் குறித்து வைத்தாலே போதும். ஆறு மாதம் கழித்து அதே பத்து வீட்டில் திரும்பக் குறியுங்கள். கேட்கும்போது பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். 'இப்போது நல்லாத்தானே இருக்கு?' என்று கேட்டால் 'ஆமாங்க' என்றுதான் பதில் வரும். 'நேற்று எத்தனை தடவை போனீங்க?' என்று கேளுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லாதீர்கள். கடன், குடி, வீட்டுச் சண்டை பற்றிய பதில்கள் லயத்தில் பரவினால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

வரும் ஒவ்வொரு நிறுவனத்தையும் கள்ளன் என்று எண்ணிக் கிளம்பவும் வேண்டாம். படிவத்துடன் வரும் உத்தியோகத்தர்களில் பலர் நம் தோட்டத்துப் பிள்ளைகளே. குறுகிய ஒப்பந்தத்தில், மாத இலக்கோடு ஓடுபவர்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. நல்ல கணக்கு வைத்திருக்கும் தோட்டம் அவர்களுக்கும் உதவியாகும். நன்றாக நடந்த திட்டத்தை நன்றாக நடந்தது என்று எழுதுங்கள். அப்போதுதான் மோசமானதை மோசம் என்று எழுதும்போது நம்புவார்கள்.

உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் சம்பளத்துக்கு வேலை இருக்கிறது. தமிழும் சிங்களமும் தெரிந்து, ஓரளவு ஆங்கிலத்தில் எழுதி, கணனியில் அட்டவணை போட்டு வீதம் பார்க்கத் தெரிந்தவர்களைத் திட்டங்கள் தேடுகின்றன. சாதாரண தரக் கணிதத்தில் படித்த வீதமும் சராசரியும் வரைபுமே இதன் அடித்தளம். கைத்தொலைபேசியில் தமிழிலேயே படிவம் தயாரித்து, சிக்னல் இல்லாத மலையிலும் பதில்களைப் பதிந்துகொள்ள உதவும் 'கோபோ' போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கை மதிப்பீட்டாளர்களுக்கென ஒரு சங்கம் 1999 முதல் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நம்மைக் கேட்டு எழுதுவதற்கும், லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கும். முழுப்பேர், அரைப்பேர் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிராது.

கடைசியாக, இந்த அளவுகோல் நம் சங்கத்துக்கும் பொருந்தும். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தாப் பணம் உங்களுடையது. எத்தனை கூட்டம் நடத்தினோம் என்பது வெளியீடு. எத்தனை முறைப்பாடு வந்தது, அதில் எத்தனை தீர்ந்தது, தீர எத்தனை நாள் எடுத்தது என்பதே விளைவு. தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த மூன்று எண்களையும் மாதம் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியில் இருப்பவர்களிடம் கணக்குக் கேட்கும் சங்கம் உள்ளே கணக்குக் காட்டப் பின்நிற்கக்கூடாது.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். மூன்று பேரின் பெயரையும், உங்கள் தோட்டத்தில் இப்போது நடக்கும் ஒரு திட்டத்தின் பெயரையும் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இருநூறு வருடம் நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கணக்கில்தான் வாழ்ந்தோம். இனி அந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் நம்முடைய கொப்பியும் இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று கேள்வி கேட்போம்.